கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

பீர்க்கங்காய் நாரைக் கண்டாலே எனக்குப் பின்கழுத்து எரியும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் எரிகிறது.

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில் ஒரு துவைக்கிற கல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலன்று அம்மா என்னை அதில் குனிந்து உட்காரவைத்து, கடலை மாவைக் குழைத்துப் பூசி, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் கழுத்தைத் தேய்ப்பார். "சோப்புப் போட்டுத்தான் குளிக்கிறியா? மைன்ஸ்ல வேலை பார்த்துட்டு வந்தவ மாதிரி இருக்கேடி!" அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். அவர் விழித்துவிடக் கூடாதென்று அழுகையைக்கூட வாய்க்குள்ளேயே அழுவேன். தோல் சிவக்கும். திங்கட்கிழமை பள்ளிச் சீருடையின் காலர் பட்டு எரியும். அடுத்த ஞாயிறு பார்த்தால் முன்பைவிடக் கறுப்பாக இருக்கும். அம்மா புது நார் எடுப்பார். மருத்துவரிடம் காட்டலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அழுக்குக்கு எதற்கு மருத்துவர்?

அது அழுக்கு இல்லை என்று எனக்குத் தெரியவந்தபோது வயது இருபத்தேழு.

இப்போது இதை எழுதக் காரணம் என் அக்கா மகள். அப்பாவைப் போலவே அக்கா வீட்டுக்காரருக்கும் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில்தான் வேலை. போன ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்காக லிக்னைட் ஹால் வரைக்கும் போய்விட்டு, ராத்திரி அவர்கள் குவார்ட்டர்ஸில் தங்கினேன். படுக்கப் போகிற நேரத்தில் அவள் வந்து கதவைச் சாத்தினாள்.

"சித்தி, ஒண்ணு காட்டணும். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

ட்யூப்லைட் வெளிச்சத்தில் முகவாயை நிமிர்த்திக் காட்டினாள். தாடை எலும்பின் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு முடி. பூனைமுடி இல்லை, தடித்த கறுத்த முடி. பிளக்கரால் பிடுங்கிய இடங்களில் சின்னச் சின்ன வடு. அதே ஓரத்தில் வரிசையாகப் பருக்கள். தலையைக் குனிந்து வகிட்டைக் காட்டினாள், தீபாவளிப் போட்டோவில் கோடாக இருந்த வகிடு அகன்று மண்டை தெரிந்தது. கடைசியாக, நான் கேட்காமலேயே கூந்தலை ஒதுக்கிப் பின்கழுத்தைக் காட்டினாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"பீரியட்ஸ் எப்போ வந்துச்சும்மா?"

"ஏப்ரல்ல... பரீட்சை டென்ஷன்னு அம்மா சொன்னாங்க."

அந்தக் குழந்தை அதுவரை என்னென்ன செய்திருக்கிறாள் தெரியுமா? முகவாய் முடிக்குப் பார்லர். முடி கொட்டுவதற்கு விளம்பரத்தில் வந்த எண்ணெயும் பயோட்டின் மாத்திரையும். கழுத்துக்கு, தோழி சொன்னாள் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு கிரீம். மாதவிடாய்க்கு மட்டும் ஒன்றுமில்லை, அது தானாகச் சரியாகிவிடுமாம். நான்கும் நான்கு தனித்தனிக் கோளாறு என்றே நினைத்திருந்தாள். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

நான் மருத்துவர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருப்பவள். மற்றவர்களின் ஹார்மோன் அளவுகளைத் தினமும் பார்க்கிறேன், என்னுடையதையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரோஜன். தமிழில் எழுதும்போது முதல் இரண்டு எழுத்திலேயே 'ஆண்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிரேக்க மூலத்திலும் பொருள் ஆண்தான். அதனால் ரிப்போர்ட்டில் 'டெஸ்டோஸ்டிரோன் அதிகம்' என்று வந்தால், பெண்ணைப் பெற்றவர்களின் முகம் வெளுத்துவிடுகிறது. "எம் பொண்ணு உடம்புல ஆம்பள ஹார்மோனா?" என்று கவுன்டரில் நின்று கிசுகிசுப்பாக என்னிடம் கேட்ட அம்மாக்களை எண்ணிச் சொல்ல முடியாது.

ஆமாம், இருக்கிறது. எல்லாப் பெண்கள் உடம்பிலும் இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும். சினைப்பையும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. கொழுப்புத் திசுவிலும் ஓரளவு உண்டாகிறது. வயதுக்கு வந்த ஆணின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு முந்நூறிலிருந்து ஆயிரம் நானோகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் என்றால், பெண்ணுக்குச் சுமாராகப் பதினைந்திலிருந்து எழுபது. பெண் ஹார்மோன் என்று நாம் கொண்டாடும் ஈஸ்ட்ரோஜனை அதே அலகுக்கு மாற்றிப் பாருங்கள். மாதத்தின் பெரும்பாலான நாட்களில் ஒரு பெண்ணின் ரத்தத்தில் எஸ்ட்ரடயாலைவிட டெஸ்டோஸ்டிரோன்தான் எடையில் அதிகம். அதோடு, ஈஸ்ட்ரோஜனே ஆண்ட்ரோஜனிலிருந்துதான் பிறக்கிறது. சினைப்பையில் ஒரு வகைச் செல் ஆண்ட்ரோஜனைத் தயாரித்துக் கொடுக்க, பக்கத்திலிருக்கும் இன்னொரு வகைச் செல் அதை வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மாவு இல்லாமல் இட்லி ஏது? எலும்பின் உறுதி, தசை, அக்குள் முடி, உடலாசை எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அது நமக்குள் புகுந்த அந்நியன் இல்லை, அளவு கூடும்போதுதான் தொல்லை.

அளவு கூடினால் முடியில் என்ன நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். ஒரே ஹார்மோன், முகவாயில் முடியை வளர்க்கிறது, உச்சந்தலையில் முடியை மெலியவைக்கிறது. ஹார்மோன் ஒன்றுதான், மயிர்க்கால்தான் இடத்துக்கு இடம் வேறு. தோலில் இருக்கும் ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டிஹெச்டி என்ற பொருளாக மாற்றுகிறது. முகவாய், மேலுதடு, மார்பு நடு, தொப்புளுக்குக் கீழ் இருக்கும் மயிர்க்கால்கள் அதைக் கேட்டதும் பூனைமுடியை விட்டுவிட்டுத் தடித்த முடியை விளைவிக்கின்றன. உச்சந்தலையின் மயிர்க்கால்களோ அதே செய்தியைக் கேட்டுச் சுருங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, சீக்கிரமே உதிர்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகளுக்கும் அதே ஹார்மோன்தான் முதலாளி. எண்ணெய் வழிந்து துளைகள் அடைபட, தாடை ஓரத்திலும் கழுத்தின் மேல்பகுதியிலும் ஆழமான, வலிக்கிற பருக்கள். இருபத்தைந்து வயதுக்கு மேலும் தாடையோரப் பரு விடாமல் வந்தால், முகம் கழுவும் சோப்பை மாற்றிப் பயனில்லை.

இன்னொன்று, இதைக் கேட்டுப் பல பெண்கள் நிம்மதியடைந்திருக்கிறார்கள். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் முடி வளரலாம். சிலரது மயிர்க்கால் சாதாரண அளவுக்கே கூடுதலாகச் செவிசாய்க்கும், அவ்வளவுதான். மாதவிடாய் ஒழுங்காக வந்து, மற்ற சோதனைகளும் சரியாக இருந்தால் அது நோயே இல்லை.

நம் ஊரில் மஞ்சள் பூசிக் குளித்த தலைமுறைகளுக்கு முகமுடி ஒரு கவலையாகவே இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் கஸ்தூரி மஞ்சளை அத்தனை நம்பிக்கையோடு தேய்த்திருக்க மாட்டார்கள். அதை அளந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர்களில் லண்டனில் இருந்த ஃபெரிமன், கால்வே என்ற இருவர் முக்கியமானவர்கள். 1961-இல் அவர்கள் வெளியிட்ட முறையை இன்றைய வடிவத்தில் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மேலுதடு, முகவாய், மார்பு என்று உடம்பின் ஒன்பது இடங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு மதிப்பெண். அதே 1961 ஆகஸ்டில்தான் எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் மேல்மண்ணையெல்லாம் தோண்டித் தள்ளி முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் பார்த்தார்கள். 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்த வேலை, நான்கு வருஷம் தோண்டிய பிறகு கரி தெரிந்தது.

சுரங்கத்தைச் சொன்னதும் அப்பா ஞாபகம் வருகிறது. "கரி வெட்டுறது பெரிய வேலை இல்லைம்மா, தண்ணிய சமாளிக்கிறதுதான் வேலை" என்பார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். இரவும் பகலும் பம்புகளை ஓட்டி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே ஆள் இறங்க முடியும்.

பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற ஹார்மோன் கோளாறை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். மேலே தெரிவது முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய். அடியில் அழுத்துவது, பெரும்பாலானவர்களுக்கு, இன்சுலின். உடம்பு இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பைக்குப் போய் ஆண்ட்ரோஜன் தயாரிக்கும் செல்களை விரட்டுகிறது. கல்லீரலுக்குப் போய், எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைத்திருக்கும் புரதம் அதுதான். அது குறைந்தால், மொத்த அளவு ஏறாமலேயே கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் கூடிவிடும். அதே மிகை இன்சுலின் தோலுக்குப் போய், கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோலைத் தடிக்கவைத்து வெல்வெட்போலக் கறுக்கவைக்கிறது. அம்மா நாரால் தேய்த்தது அதைத்தான். கழுத்துக் கறுப்பு ஆண்ட்ரோஜனின் வேலைகூட இல்லை, அதற்கும் அடியில் இருக்கும் இன்சுலினின் வேலை. எனக்குப் பதின்மூன்று வயதில் உடம்பு வெளிப்படையாக எழுதி ஒட்டியிருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

நான் குண்டுப் பெண்ணும் இல்லை. அதுவும் ஒரு தடை. "ஒல்லியா இருக்கா, இவளுக்கென்ன" என்பார்கள். நம் தெற்காசிய உடம்புக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து இன்சுலின் எதிர்ப்பு வருவது சகஜம்.

'நீர்க்கட்டி' என்ற சொல்லோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. ஸ்கேன் எடுத்துவிட்டு, "கட்டி இருக்காம், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அவை கட்டிகளே இல்லை. மாதாமாதம் வளர்ந்து முட்டையை வெளியிட வேண்டிய நுண்பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோய், சினைப்பையின் ஓரத்தில் முத்துக் கோத்ததுபோலத் தெரிகின்றன. 1935-இல் சிகாகோவில் ஸ்டைனும் லெவென்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது பெருத்த சினைப்பைகள்தான் கண்ணில் பட்டன, பெயரும் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தப் பைகள் நோய்க்குக் காரணம் இல்லை, நோயின் தடம். ஸ்கேனில் அப்படித் தெரியாதவர்களுக்கும் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம். தெரிந்தவர்களுக்கு இல்லாமலும் போகலாம். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றே சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது, ஏனென்றால் இளம்பெண்களின் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டில் வயதுக்கு வந்த என் அக்கா மகளுக்கு இப்போது ஸ்கேனே முக்கியமில்லை. மாதவிடாய் நாட்களும், ஆண்ட்ரோஜன் கூடியதற்கான அடையாளமும் இருந்தால் போதும்.

முட்டை வெளிவராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. புரோஜெஸ்டிரோன் இல்லாவிட்டால் கருப்பையின் உள்படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். மூன்று மாதம் வரவில்லை, ஆறு மாதம் வரவில்லை, "தொல்லை விட்டுது" என்று சிரித்துக்கொண்டு சொல்லும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வருஷக்கணக்கில் அப்படி விட்டால் பிற்காலத்தில் கருப்பைப் படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. தொண்ணூறு நாளைத் தாண்டினால் காத்திருக்கவே கூடாது, மருத்துவரைப் பாருங்கள்.

இனி என் கதை. பத்தொன்பது வயதில் ஒரு மருத்துவர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்." இன்னொருவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, அது கருத்தடை மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டதால், அம்மா அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கல்யாணமாகாத பெண்ணின் பையில் அது இருந்தால் ஊர் என்ன பேசும் என்ற பயம். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்த மாத்திரை கல்லீரலில் எஸ்.எச்.பி.ஜி.யை ஏற்றிவிட்டு, சினைப்பையின் ஆண்ட்ரோஜன் உற்பத்தியைத் தணிக்கிறது, மாதாமாதம் கருப்பைப் படலத்தையும் உதிரவைக்கிறது என்று யாராவது ஐந்து நிமிஷம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். எல்லோருக்கும் அது ஒத்துவராது என்பதும் உண்மை. ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும், கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கொடுக்க மாட்டார்கள்.

இருபத்தைந்தில் கல்யாணம். சரியாகவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2006 கடைசியில், நான் வேலை பார்த்த லேபிலேயே என் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். எண்கள் வரும்வரை கருவியின் முன்னால் நானே நின்றுகொண்டிருந்தேன். டெஸ்டோஸ்டிரோன் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அன்றைக்குத்தான், துவைக்கிற கல்லும் நாரும் முகவாய் முடியும் தள்ளிப்போன மாதங்களும் எல்லாம் ஒரே கதை என்று விளங்கியது.

அந்த 2006 டிசம்பரில்தான் சாந்தி சௌந்திரராஜன் செய்தி பத்திரிகைகளில் வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுத மாட்டேன், அது அவருடைய உடம்பு, அவருடைய விஷயம். ஆனால் தமிழ்நாட்டில் டீக்கடையில்கூட அதைப் பேசினார்கள். என் ரிப்போர்ட்டைக் கைப்பைக்குள் நான்காக மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எனக்கு, முன் சீட்டுப் பேச்சு ஒவ்வொன்றும் என்னைக் குத்தியது. பின்னாளில், 2014-இல் ஒடிசாவின் டூட்டி சந்த் என்ற ஓட்டக்காரரை, உடலில் ஆண்ட்ரோஜன் அதிகம் என்று ஓட்டத்திலிருந்து விலக்கினார்கள். அவர் விளையாட்டுத் துறைக்கான நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015-இல் மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. சாந்திக்கு அப்போது அப்படித் தோள்கொடுக்க யாரும் இல்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குழந்தைக்காக எனக்கு முதலில் குளோமிஃபீன் மாத்திரை கொடுத்தார்கள், ஐந்து மாதம், பலன் இல்லை. பிறகு லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரை அது. ஆண்ட்ரோஜன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதைச் சில நாள் தடுக்கும், ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதென்று மூளை பதறி, முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். 2010-இல் மகன் பிறந்தான். அவன் நடை பழகிய 2011-இல் குழந்தையின்மைக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது, சில வருஷம் கழித்துத் தடையை விலக்கிக்கொண்டது. நடுவில், 2014-இல், அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீனில் 19.1. இன்று லெட்ரோசோல்தான் முதல் மருந்து. அந்தத் தடைக் காலத்தில் காத்திருந்து வயது கடந்துபோன பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை வந்தது, அதுவும் இதே அழுத்தத்தின் மிச்சம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்கும் வழக்கம் இருந்ததால் சீக்கிரம் தெரிந்தது. அதற்கு வழிவகுத்த சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

எல்லாமே பி.சி.ஓ.எஸ். இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதத்துக்குள் சரசரவென்று முடி வளர்ந்து, குரலும் கட்டைக் குரலாக மாறினால் அது சினைப்பையிலோ அட்ரீனலிலோ ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டியாக இருக்கலாம், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளையும் பார்த்து விலக்க வேண்டும். இன்னொன்று நம் வீடுகளுக்கு நெருக்கமானது. அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்து, கார்ட்டிசோல் ஆக வேண்டிய சரக்கெல்லாம் ஆண்ட்ரோஜனாகத் திரும்பிவிடும் நிலை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மரபணுப் பிழை வந்தால்தான் இது வெளிப்படும், அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகனுக்குக் கொடுப்பதும் வழக்கமான குடும்பங்களில் இந்தச் சந்திப்பு கூடுதலாக நேர்கிறது. லேசானதாக இருந்தால் பி.சி.ஓ.எஸ். போலவே தெரியும், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற காலைச் சோதனைதான் பிரித்துக் காட்டும். கடுமையானதாக இருந்தால், பிறக்கும் பெண் குழந்தையின் பிறப்புறுப்பே ஆணா பெண்ணா என்று குழம்பும்படி இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைகளை அவசரமாக அறுத்துச் 'சரிசெய்யும்' வழக்கத்தை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டித்தது. உயிருக்கு ஆபத்து இருந்தாலொழியக் கைவைக்கக் கூடாது என்று அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் நாம்தான். இதை நான் பெருமையோடு எழுதுகிறேன்.

அக்கா மகளிடம் திரும்பி வருகிறேன். அன்றிரவே அக்காவை எழுப்பிப் பேசினேன். "சொல்லாதீங்க" என்று கேட்டவளிடம், "உங்கம்மாவுக்குத் தெரியாம இதைச் செய்ய முடியாதும்மா" என்று சொல்லி, அவள் தலையாட்டிய பிறகுதான்.

ரத்தம் எடுக்கும் முன் அவளை இரண்டு விஷயம் செய்யச் சொன்னேன். பயோட்டின் மாத்திரையை உடனே நிறுத்து, நான்கு நாள் போகட்டும். முடி கொட்டுகிறதென்று லட்சக்கணக்கான பெண்கள் அதை விழுங்குகிறார்கள். ஆனால் சில பரிசோதனைக் கருவிகள் பயோட்டினையே பிசினாக வைத்து இயங்குபவை. ரத்தத்தில் அது மிதந்தால் டெஸ்டோஸ்டிரோனை உள்ளதைவிட அதிகமாகவும், தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும் காட்டிவிடும். பயோட்டின் எடுக்கிறீர்களா என்று கவுன்டரில் யாரும் கேட்பதில்லை, நீங்களே சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் ஆண்ட்ரோஜன் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்தக் கழுத்து கிரீமைக் கொண்டுவரச் சொல்லி டப்பியைப் படித்தேன். ஸ்டீராய்டு. சீட்டில்லாமல் விற்கவே கூடாதது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பரு வரும், முடியும் வளரும். ஏற்கெனவே இருக்கும் தொல்லையையே வளர்க்கும் மருந்து. அதை மிச்சம்கூட வைக்காமல் குப்பையில் போட்டேன்.

மருத்துவர் நல்லவராக வாய்த்தார். முகவாயைப் பார்த்தார், வகிட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கடைசி ஆறு மாதவிடாய்த் தேதி கேட்டார். குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சர்க்கரை பார்த்தார். "ஷேவ் பண்ணா அடர்த்தியா வளருமா டாக்டர்?" என்று அவள் கேட்டதற்கு, "வளராது, தாராளமா பண்ணிக்கலாம்" என்றார். அந்தப் பதிலுக்கு அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். பிளக்கரால் பிடுங்கிப் பிடுங்கி வடுவாக்கிக்கொண்ட பெண். மருந்து எதுவானாலும் அதன் பலன் முடியில் தெரிய ஆறு மாதமாவது ஆகும், ஏனென்றால் ஒரு முடியின் வாழ்நாள் அத்தனை நீளம் என்றும் பொறுமையாகச் சொன்னார். லேசர் வேண்டுமானால் பிறகு பார்க்கலாம், அடியில் இருப்பதைத் தணிக்காமல் மேலே சுட்டால் மறுபடி முளைக்கும். ஆண்ட்ரோஜனை மயிர்க்காலில் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பற்றியும் சொன்னார். அதை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும். இவளுக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை.

மிச்ச வைத்தியம் எங்கள் ஊர் கையில் இருக்கிறது. இத்தனை அகலமான, இத்தனை மரம் மூடிய சாலைகள் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருக்கின்றன? நாங்கள் வட்டம் என்று சொல்லும் பிளாக் ஒவ்வொன்றுக்கும் சைக்கிளில்தான் போனோம். இப்போது பத்தாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகளின் சைக்கிள் ஷெட்டுக்குள் போய்விடுகிறது, ஸ்கூல், டியூஷன், மறுபடி டியூஷன். தசை வேலை செய்தால் இன்சுலினின் தேவை குறைகிறது, இதைவிட நேரான மருந்து இல்லை. அக்கா முதலில் தயங்கினார், "இருட்டுற நேரத்துல எப்படி அனுப்புறது?" இப்போது விடியற்காலையில் அம்மாவும் மகளுமாக நடக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளைப்பேறு வயதில் இருக்கும் பெண்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று பேருக்கு பி.சி.ஓ.எஸ். இருக்கிறது, அவர்களில் எழுபது சதவீதம் வரைக்கும் அது தெரியவே தெரியாது. ஒரு வகுப்பறையில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தால் நான்கைந்து பேர். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு நார் இருக்கும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் கட்டிய வீட்டில் என்னோடு இருக்கிறார். அம்மா முகவாயிலும் நாலைந்து வெள்ளை முடி உண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடும், ஆண்ட்ரோஜன் அவ்வளவு வேகமாகச் சரியாது, அதனால் வருவது. வாராவாரம் நான்தான் கத்தரித்துவிடுகிறேன். பேத்தி கதையைச் சொல்லிக்கொண்டே ஒருநாள் கத்தரித்தபோது, வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ, அன்னிக்கு நான் தேய்ச்சதெல்லாம்..."

"உனக்குத் தெரியாதேம்மா."

என் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே இப்போது நிழல்போலக் கொஞ்சம்தான் மிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "சித்தி, வந்துடுச்சு. 38 நாள்."

போன தடவை 52. நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிப் பதில் போட்டேன்.